எட்டு முனைச் சிலுவை அணிந்தவர்

வளைகுடா நாட்டுத் துறைமுகமான ஜெபல் அலியில் நான் பணிபுரிந்த கிடங்கின் முதலுதவி அறையைக் கவனித்தவர் குமரிக் கடற்கரைக்காரர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, சட்டையில் எட்டு முனை கொண்ட வெள்ளைச் சிலுவைச் சின்னம். காயத்தோடு வரும் எவரையும் 'முதலாளி' என்றே அழைப்பார்.

ஒரு காலையில் காரணம் கேட்டேன். சிலுவைப் போர்க் காலத்தில் எருசலேமில் மருத்துவமனை நடத்திய வீரர் சபையினர், நோயாளிகளை எசமானர்களாக எண்ணித் தொண்டு செய்தார்களாம். அச்சபையின் வழிவந்த, அதே சிலுவையைச் சின்னமாகக் கொண்ட அமைப்பில் இவர் முதலுதவி கற்றிருந்தார்.

"அந்த வீரர்கள் பிற்பாடு ஆண்ட தீவுகளெல்லாம் எப்போதோ கைவிட்டுப் போயினவே" என்றேன், படித்த பெருமையில்.

"தீவுதானே மேடம் போச்சு, டூட்டி போகலையே."

அப்போது மேலாளர் தலைவலியோடு உள்ளே வந்தார். நாற்காலியில் கை கிழிந்த சுமைதொழிலாளி ஒருவர் இருந்தார்.

"அவனை எழுப்பு. எனக்கு மீட்டிங் இருக்கு."

பதறி எழுந்தவரைத் தோள்தொட்டு உட்காரவைத்தார் நம்மவர்.

"முதலாளிக்குக் கட்டு போட்டுட்டு வாரேன் சார்."

"அப்ப நான் யாருப்பா?"

"இந்த நாற்காலியில உக்காருற வரைக்கும் சார்தான். உக்காந்துட்டா நீங்களும் முதலாளி."

அவருடைய வேலை போய்விடுமோ என்று அஞ்சினேன். மேலாளரோ சிரித்துவிட்டுச் சுவரோரம் காத்து நின்றார். "வாங்க முதலாளி" என்ற அழைப்பு வந்ததும் அவர் எத்தனை பணிவாகப் போய் உட்கார்ந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.