நான் செய்யாத இதயம்

பதுளையில் நமுனுகுல பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், எழுந்தார், என் மடியில் ஒரு ஈ.சி.ஜி. தாளை விரித்து வைத்தார்.

"தங்கச்சிதானே அந்த ஹார்ட் டொக்டர்? இத கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

நான் வைத்தியம் பார்க்கிற டொக்டர் இல்லை. பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் இருக்கிறது, உண்மைதான், ஆராய்ச்சிக்குக் கொடுத்தது. ஒரு காய்ச்சலுக்கு மருந்து எழுதித் தரக்கூட எனக்கு உரிமை கிடையாது. இதை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பொறுமையாகக் கேட்பார்கள். தலையை ஆட்டுவார்கள். முடிந்ததும், "அது சரிங்க, இந்த பிரஷர் குளிசைய காலையில போடுறதா, சாப்பிட்டுட்டுப் போடுறதா?" என்பார்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் இதே கூத்துதான்.

என் வேலையைச் சொல்கிறேன். உடம்பின் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஆரம்பநிலை அணுக்கள் உண்டு, குருத்தணுக்கள் என்போம். அவற்றைத் தட்டில் வளர்த்து, நாளுக்கு ஒரு மருந்தாக வரிசை தப்பாமல் கொடுத்து, இதயத் தசையாக மாற்றப் பார்க்கிறோம். தாயின் வயிற்றில் இதயம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள இது ஒரு வழி. எல்லாம் சரியாக நடந்தால் எட்டாம் நாளோ பத்தாம் நாளோ அது தானாகத் துடிக்கத் தொடங்கும். எங்கேயோ பிசகினால் சளி மாதிரி கிடக்கும். ஏன் பிசகியது என்று எவருக்கும் தெரியாது. என் பன்னிரண்டு வருஷத்தில் பெரும்பகுதி அந்தச் சளியைக் கொட்டிக் கழுவியதில் போயிருக்கிறது. அதற்கு ஞாயிறு கிடையாது, கிறிஸ்மஸ் கிடையாது. நேரம் தவறாமல் போய்த் தீனி மாற்றவேண்டும். பெற்ற பிள்ளையென்றால் பதிலுக்கு ஒரு சிரிப்பாவது சிரிக்கும்.

அது முதன்முதலாகத் துடித்த நாளில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. கடுகளவு துணுக்கு, விட்டுவிட்டு உதறியது. நுண்ணோக்கியின் மேல் போனைப் பிடித்து வீடியோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அதோடு விட்டேனா? "பாருங்க அண்ணே, நான் செஞ்ச இதயம்" என்று கீழே எழுதினேன். அந்த ஒரு வரிக்காக என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்.

அண்ணன் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் மெஷினில் வேலை செய்கிறார். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். நான் படிக்கவேண்டும் என்று தன் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவர். அந்த வீடியோவைத் தொழிற்சாலை முழுக்கக் காட்டினார், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் முழுக்கக் காட்டினார், லுணுகலையில் இருக்கும் அண்ணியின் வீட்டாருக்கும் அனுப்பிவைத்தார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பால் குடிக்கும்போதே வியர்த்துக் கொட்டியது. எடை ஏறவில்லை. பதுளையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை என்றார்கள். அந்தச் சுவர் கருவில் எப்படி வளர்ந்து மூடிக்கொள்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சியே. உடம்பில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்று அன்றைக்கு ஆண்டவரிடம் சண்டை பிடித்தேன்.

அண்ணனுக்குப் போனில் விளக்கினேன். "நம்ம லயத்துல ரெண்டு காம்பிராவுக்கு நடுவுல இருக்கிற சுவரு கூரை வரைக்கும் போகாதுல்ல? மேல சந்து இருக்கும். இந்த வீட்டுப் புகை அந்த வீட்டுக்குப் போகும். அந்த மாதிரிதான் அண்ணே. கொழும்புல ஒப்பரேஷன் செஞ்சு அந்தச் சந்த அடைச்சிருவாங்க."

"வெளங்குது," என்றார். பிறகு, "அந்தச் சுவரப் பத்தித்தானே நீ படிக்கிற?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணே," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு பேசும்போதெல்லாம் பிள்ளை எப்படி என்று கேட்டால், "கொழும்புல தேதி குடுத்திருக்காங்க, ஆண்டவர் பாத்துக்குவாரு" என்பார். எனக்கு அது ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் எழுதும் காலம். தேதி கிடைத்துவிட்டது என்றால் காரியம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

நமுனுகுல பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டு வாசலில் பையை வைத்ததும் பிள்ளையைத்தான் தூக்கினேன். ஒன்றரை வயதுப் பிள்ளை, கையில் கனமே இல்லை. மூச்சு வாங்கியது. காயம் ஆறிவிட்டதா என்று பார்க்கச் சட்டையை விலக்கினேன். நெஞ்சில் ஒரு கீறல் கிடையாது.

"ஒப்பரேஷன் செய்யலையா?"

அண்ணன் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ வர்ற வரைக்கும்தானே காத்துக்கிட்டு இருந்தோம். கொண்டு வந்திருக்கியா?"

"எத?"

"பிள்ளைக்கு வைக்கிறதுக்கு. நீ செஞ்சத."

பையில் சொக்லேட்டும் சவர்க்காரமும் பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டையும் இருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணன் என்றும் பார்க்கவில்லை, கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்து வீட்டார் கேட்டார்கள். கொழும்பில் கொடுத்த இரண்டு தேதிகளையும் அண்ணன் தவறவிட்டிருந்தார். அதுவும் கவலையீனத்தால் இல்லை. வீட்டிலேயே இதயம் செய்கிறவள் இருக்கும்போது வெளியாளிடம் பிள்ளையின் நெஞ்சைப் பிளக்கக் கொடுப்பானேன் என்று, நன்றாக யோசித்துத் தவறவிட்டிருந்தார்.

"சரி, இப்ப தெரிஞ்சிருச்சு இல்ல, என்னால ஏதும் செய்ய முடியாதுன்னு. அடுத்த தேதிய வாங்குங்க," என்றேன்.

"எப்படி வாங்குறது? சபை முன்னால சாட்சி சொல்லிட்டேனே."

எங்கள் ஜெபவீட்டில் ஆராதனை முடிகிற நேரம், யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்லலாம். அதுதான் சாட்சி. சொன்னது சொன்னதுதான், திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லை. அண்ணன் எழுந்து, தங்கச்சியின் கையால் கர்த்தர் என் பிள்ளைக்குப் புது இதயம் தரப்போகிறார் என்று சொல்லிவிட்டார். சபையே அழுதிருக்கிறது. ஒப்பரேஷனும் கர்த்தர் வழிதான் என்று பாஸ்டர் அப்புறம் வீடு தேடி வந்து சொல்லியும் பார்த்தாராம். சாட்சி சொல்லிவிட்டுக் கத்திக்குப் போனால் விசுவாசம் இல்லாதவன் ஆகிவிடுவேன் என்று அண்ணன் பிடித்த பிடியிலேயே நின்றிருக்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அண்ணி உள்ளே போய், பொலித்தீன் பைக்குள்ளிருந்து டொக்டர்கள் எழுதிக் கொடுக்கும் பிள்ளையின் கிளினிக் கொப்பியை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

"பதுளை கிளினிக்க மட்டும் நான் விடல. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறேன்னு சொல்லிட்டு, மாசா மாசம் பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போனேன். டொக்டரம்மா திரும்பவும் கொழும்புக்குப் பேசித் தேதி வாங்கித் தந்திருக்காங்க. வர்ற புதன்கிழம. இதையும் விட்டா நுரையீரல் கெட்டுப்போயிருமாம், அப்புறம் ஒப்பரேஷனே செய்ய முடியாதாம். நெசந்தானே?"

நிஜம்தான். என் கட்டுரைகள் எல்லாவற்றிலும் முதல் பத்தியில் அதைத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் அண்ணியைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், வெளியே போய்விட்டார். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடமாட்டேன் என்று படுத்துக்கொண்டும் பார்த்தேன். "சபை முன்னால சொன்னது" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. சபையில் சொன்னதைச் சபையில்தான் அவிழ்க்கவேண்டும் என்று கடைசியில் எனக்கும் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். மேடையில் நின்று பேசிப் பழக்கம் உண்டு. அன்றைக்கு எழுதிவைத்த தாள் எதுவும் கையில் இல்லை.

"பன்னெண்டு வருஷமா இதயம் செய்யப் பாக்குறேன். செஞ்சது கடுகு அளவு. அது துடிக்கும், அவ்வளவுதான். ரத்தத்தத் தள்ள அதுக்குத் தெரியாது. அத யார் நெஞ்சுலயும் வைக்க முடியாது. என் காலத்துல முடியுமான்னும் எனக்குத் தெரியாது. எங்க அண்ணன் பொய் சொல்லல. நான் பெருமைக்குக் கூட்டிச் சொன்னத அவரு நம்பிட்டாரு. அவரு சொன்ன சாட்சிய நான் எடுத்துக்குறேன், தப்பு என்னோடது. புதன்கிழம பிள்ளைய ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோறோம். ஜெபம் பண்ணிக்குங்க."

சாட்சி முடிந்தால் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்வது வழக்கம். இதற்கு ஸ்தோத்திரம் சொல்லலாமா, கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. பாஸ்டரே தடுமாறிப் பைபிளைத் திறந்தார், மூடினார். அப்போது பெண்கள் உட்கார்ந்திருந்த பாயிலிருந்து அண்ணி மட்டும் உரக்க, "ஸ்தோத்திரம்" என்றார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் இருந்த இடம் காலியாக இருந்தது.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே நான் பேசியது அத்தனையையும் கேட்ட ஒருவர் பக்கத்தில் வந்து, தன் பிரஷர் கார்டை நீட்டினார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வாங்கிப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸுக்கு நானும் அண்ணியும் பையோடு நின்றோம். அண்ணன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். பதுளைக்குப் போய் கொழும்பு பஸ்ஸில் ஏறினோம். அந்த நீண்ட வழி முழுக்க, கை மாற்றுவதற்குக்கூடப் பிள்ளையை என்னிடம் தரவில்லை.

புதன்கிழமை பிள்ளையை வார்டில் சேர்த்தோம், வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன் நடந்தது. கட்டைவிரல் நகத்தைவிடச் சின்ன ஒட்டு ஒன்றை வைத்துத் தைத்துவிட்டதாகச் சத்திரசிகிச்சை நிபுணர் வெளியே வந்து சொன்னார். நான் கேட்ட கேள்விகளைக் கவனித்துவிட்டு, என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். அந்தச் சுவரைப் பற்றித்தான் ஆராய்ச்சி என்றேன். "நல்லது," என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போனார்.

லீவு முடிந்து திரும்பினேன். அண்ணன் வழியனுப்ப வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. பிள்ளையின் விவரம் எல்லாம் அண்ணி வழியாகத்தான் வந்தது. எனக்குக் கோபமும் ஆறவில்லை, குற்ற உணர்ச்சியும் போகவில்லை. இரண்டு மாதம் அப்படியே ஓடியது.

மறுபடியும் விண்ணப்பக் காலம் வந்தது. படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: இந்த ஆராய்ச்சியால் மக்களுக்கு என்ன பயன்? இதயக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு இது விரைவில் உதவும் என்று வருஷா வருஷம் எழுதுவேன். போன வருஷத்து வரியை எடுத்து இந்த வருஷம் ஒட்டுவேன். எழுதுகிற நானும் நம்புவதில்லை, படித்து நிதி கொடுக்கிறவர்களும் நம்புவதில்லை. உலகத்திலேயே அந்த வரியை மனசார நம்பிய ஒரே ஆள் என் அண்ணன்தான். நம்பி, பெற்ற பிள்ளையைப் பணயம் வைத்துக் காத்திருந்தார். அந்த மனுஷனைப் போய் முட்டாள் என்று கத்தியிருக்கிறேன்.

அந்தக் கட்டத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அண்ணனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பிள்ளை கட்டிலில் தூங்குகிறது. கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. சட்டையை விலக்கி, தழும்புக்குப் பக்கத்தில் போனை ஒட்டிப் பிடித்திருக்கிறார். இதயத்தின் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. சுவருக்கு மேலாக வந்த பக்கத்து வீட்டு டிவிதான் கேட்டது. நடுவில் அண்ணனின் குரல்:

"இது நீ செஞ்சது இல்ல தங்கச்சி. ஆனா நல்லாத்தான் அடிக்குது."