றம்லத் வீட்டுச் சுவர்

மடவளையில் பழைய வாடகை வீடொன்றில் இருந்த றம்லத், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தவர். மழை தொடங்கினால் சமையலறைப் பின்சுவர் ஈரத்தில் ஊறிக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்கார ஹாஜியார் வருடாவருடம் அதன்மேல் பெயின்ட் அடிப்பிப்பார். "எல்லாம் உங்கட இடியப்ப ஆவிதான். அவிக்கிறத நிப்பாட்டுங்க" என்பார்.

இந்த வருடம் றம்லத் உண்மையிலேயே நிறுத்தினார். இரண்டு வாரம் தங்கச்சி வீட்டில் அவித்தார். ஹாஜியார் பெயின்ட் வாளியோடு வந்ததும் றம்லத் வாசலை மறித்தார்.

"ரெண்டு கிழமையா இங்க அடுப்பு பத்தவெக்கல்ல ஹாஜியார். சுவரத் தொட்டுப் பாருங்க."

உள்ளே போய்த் தொட்டவரின் கை நனைந்தது.

"வீட்டுக்குப் பின்னால மேட்டு மண் சரிஞ்சி சுவரோட சாஞ்சி கெடக்கு. தண்ணி அங்க இருந்துதான் வருது. பெயின்ட் வாணாம், மண்ண வெட்டுங்க."

"பொறகு பாப்பம்" என்றார் ஹாஜியார். றம்லத் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தானே பின்பக்கம் போனார். அக்கம்பக்கத்தார் கூடி வேடிக்கை பார்க்க, வெட்கப்பட்ட ஹாஜியார் பகலுக்குள் இரண்டு ஆட்களை அனுப்பினார். மண்ணை அகற்றி, தண்ணீர் வடியக் கான் வெட்டினார்கள்.

சுவர் காய மூன்று மாதம் ஆனது. அதுவரை காத்திராமல், றம்லத் மறுநாள் காலையே தன் சமையலறையில் இடியப்பம் பிழிந்தார்.