பூட்டுக்காரன் முகம்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் கம்பெனியில், பெரிய மிக்சருக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறவன் முதலில் அதன் மெயின் சுவிட்சில் தன்னுடைய பூட்டை மாட்டிவிடுவான். சாவி அவன் சட்டைப் பையில் இருக்கும். வெளியே வந்து அவனே பூட்டை எடுத்தால்தான் மிஷின் ஓடும். வேறு யாராவது எடுக்க வேண்டுமென்றால், ஷிப்ட் பொறுப்பாளர் மிக்சருக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். பூட்டுக்காரனையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். அந்தப் பொறுப்பாளர் நான். இந்த விஷயத்தில் நான் சரியான முசுடு. சபையில் ஜெபம் நடத்துவதால் 'பாஸ்டர்' என்று கிண்டல் வேறு.

ஒருநாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஃபிட்டருடையது. முந்தின நாள் மாலை நெஞ்சு வலிக்கிறது என்று அவசரமாகக் கிளம்பியவன் அதை மறந்துவிட்டான் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. வேப்பம்பட்டில் வீட்டிலேயே இறந்துவிட்டானாம்.

மேனேஜர் கட்டரை என்னிடம் நீட்டினார்.

"பாவம்தான், என்ன செய்யறது. வெட்டுங்க பாஸ்டர், லைன் ஓடணும்."

"ஆளைப் பார்க்கணும் சார்."

"செத்தவனையா?"

"ஆமா சார்."

"அப்போ மெமோ வாங்கிக்குங்க."

வீம்பு இல்லை, பயம். பைபிளில் தம்பியைக் கொன்றவனிடம் தேவன் 'உன் தம்பி எங்கே' என்று கேட்டதையும், அவன் 'நான் என்ன அவனுக்குக் காவலாளியா' என்று திருப்பிக் கேட்டதையும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சபையில் விளக்கியிருந்தேன். ஃபேன் காற்றில் உட்கார்ந்து விளக்குவது சுலபம். ஒவ்வொரு முறை மிக்சருக்குள் இறங்கும்போதும் ஃபிட்டர் என்னிடம் சொல்வான்: "நீ வெளிய நிக்கற வரைக்கும் எனக்கு இன்னாணா பயம்?"

புதுவாயலில் திரும்பி, பெரியபாளையம் வழியாக பைக்கில் போனேன். வாசலில் சாமியானா, ஐஸ் பெட்டி. குனிந்து முகத்தைப் பார்த்தேன். அவன்தான். அழுகை வரவேண்டிய இடத்தில் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"இன்னாணா அப்டி பாக்கற?" என்றாள் அவன் மனைவி.

தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போய் ஒரு சட்டையை எடுத்து வந்தாள். பையில் சாவி இருந்தது.

"ராத்திரி பூரா 'பூட்ட எடுக்கல, பூட்ட எடுக்கல'ன்னு சொல்லிக்கினே இருந்தாருணா. எந்தப் பூட்டுன்னே எனக்குத் தெரில. ஊட்டுக் கதவ நாலு தபா போய்ப் பாத்துட்டு வந்தேன்."

சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பி வந்து, அவன் பூட்டுக்குப் பக்கத்தில் என் பூட்டை மாட்டிவிட்டு மிக்சருக்குள் இறங்கினேன். மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்தேன். மிஷினை ஓட்டும் முன் உள்ளே இருப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் கூப்பிட்டேன். இரும்புச் சுவரில் என் குரலே திரும்பி வந்தது. இருந்தும், பதில் வருமோ என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெளியே வந்து என் பூட்டை எடுத்தேன். அவன் சாவியால் அவன் பூட்டையும் திறந்தேன்.

"உள்ள யாராவது இருந்தாங்களா பாஸ்டர்?" என்று சிரித்துக்கொண்டே மெமோவைக் கொடுத்தார் மேனேஜர்.

"யாரும் இல்ல சார்."

மிக்சர் ஓடத் தொடங்கியது.

அவன் பூட்டு என்னிடம்தான் இருக்கிறது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவியிடம் சொன்னேன்: "நான் செத்துட்டா, கம்பெனிலேந்து ஒருத்தர் வந்து மூஞ்சப் பாக்கற வரைக்கும் என்னை எடுத்துக்கினு போவாதீங்க."

சாப்பாட்டு நேரத்தில் என்ன பேச்சு இது என்று திட்டினாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"யாரும் வரலன்னா?"