எதிராளிக்குக் கொடுத்த புளி

என் மனைவியைப் பெண் பார்க்கப் போன அன்று அவள் மூக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மாமனார் சமாளித்தார். காபித் தட்டோடு வந்தவள் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பாத்ரூம்ல உளுகலீங்க. பாக்ஸிங்ல வாங்குனது. ஆனா அந்தப் புள்ளய நாந்தான் ஜெயிச்சேன்" என்றாள். மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார். என் அம்மா என் காலை மிதித்தாள். கிளம்பு என்று அர்த்தம். நான் அசையவில்லை. என் வாழ்க்கையில் உருப்படியாக நான் செய்தது என்ன என்று கேட்டால், அந்தக் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்ததைத்தான் சொல்வேன்.

இரண்டு பேர் வீடும் கர்நாடக எல்லையில் ஹனூர்ப் பக்கம். பிழைப்புக்கு மைசூர் வந்தவர்கள். இப்போது மைசூர் ஹெப்பாளில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம், நான் ஸ்டோரில், அவள் பேக்கிங்கில். ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்குவோம். அவள் மட்டும் விரல்களுக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டே வருவாள். மண்டி மொஹல்லாவில் ஒரு மளிகை மண்டிக்கு மேல்மாடியில்தான் அவள் பயிற்சி எடுக்கும் ஹால். கீழே மிளகாய் மூட்டை இறக்கினால் மேலே எல்லோரும் தும்முவார்கள். தும்முகிறவர்கள் குத்துவதை நிறுத்துவார்கள். இவள் தும்மிக்கொண்டே குத்துவாள். ஹாலின் மூலையில் டிபன் பையோடு உட்கார்ந்து இதைப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு.

அவள் மூன்று முறை மாநிலச் சாம்பியன். அப்படி நான் சொன்னால் உடனே "ரெண்டு" என்று திருத்துவாள். முதல் தங்கத்தை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. அது வாக்ஓவரில் வந்தது. இறுதிப் போட்டியன்று எதிராளிக்குக் காய்ச்சல், வரவில்லை. வராவிட்டாலும் இந்த விளையாட்டில் ஒரு சம்பிரதாயம் உண்டு: இருப்பவர் முழு உடுப்பில், கையுறை மாட்டிக்கொண்டு ரிங்கில் ஏற வேண்டும். மணி அடிப்பார்கள். எதிர் மூலை காலியாக இருக்கும். நடுவர் வந்து ஒற்றை ஆளாக நிற்பவரின் கையைத் தூக்கி வெற்றி என்று அறிவிப்பார். அன்று கைதட்டியது நான் ஒருவன்தான். எனக்கே அது அசிங்கமாக இருந்து பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தப் பதக்கம் எங்கள் சமையலறையில் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது. மற்ற இரண்டும் முன்னறைச் சுவரில் தொங்குகின்றன.

இந்த விளையாட்டில் குத்து வாங்குவதை விடக் கஷ்டம் எடையைக் கட்டுக்குள் வைப்பது. போட்டி இருக்கும் ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள். தன் பிரிவுக்கு மேல் துளி கூடினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் போட்டி நாட்களில் அவள் பாதிப் பட்டினி. பட்டினியில் வாய் ஓயாமல் சாப்பாட்டைப் பற்றியே பேசுவாள், அதிலும் மேல்கோட்டைக் கோயில் புளியோதரையைப் பற்றி. ஒருமுறை அப்படிப் பேசும்போது அவளுக்கு எச்சில் ஊறுவதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. கொட்டை எடுத்த பழம்புளியை உருண்டை பிடித்துக் கொடுத்தேன். அதை வாயில் அடக்கிக்கொண்டு, விழுங்காமல் துப்பிக்கொண்டே ஓட வேண்டும். வியர்வை ஒரு பக்கம், எச்சில் ஒரு பக்கம் என்று எடை இறங்கும். டாக்டர் யாராவது கேட்டால் திட்டுவார். ஆனால் அவளுடைய குத்துச்சண்டை வாழ்க்கையில் என்னுடைய ஒரே பங்களிப்பு அதுதான், விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன முறை மாநிலப் போட்டி மைசூரிலேயே நடந்தது. அவளுக்குக் கட்டைவிரல் எலும்பு பழைய அடியில் தேய்ந்திருந்தது. இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள். தங்கம் வாங்குகிறவர்தான் தேசியப் போட்டிக்குப் போக முடியும். அங்கே மூன்று முறை போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியவள். கடைசியாக ஒரு தடவை போய் ஒரு வெண்கலமாவது கொண்டுவர வேண்டும் என்பது அவளுக்கு இருந்த ஒரே ஆசை. இறுதிப் போட்டி வரைக்கும் வந்துவிட்டாள்.

அன்று காலை எடை பார்த்தபோது எங்கள் எடை சரியாக இருந்தது. 'எங்கள்' என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும். குளுக்கோஸ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. வராந்தாவில், முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த எடை மெஷின் மேல் ஒரு பெண் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். அவள்தான் இறுதிப் போட்டியில் இவளுடைய எதிராளி. வடகர்நாடகத்தில் ஏதோ ஊர், சின்ன வயது. கூட வந்த கோச் வேறொரு பிள்ளையோடு உள்ளே போயிருந்தார். ஒரு டம்ளர் காபி அளவு எடைதான் கூடுதல். நேரமோ முடியப்போகிறது. "ஆகல்ல அக்கா" என்றாள் கன்னடத்தில், இனி முடியாது என்று. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு உள்ளுக்குள் பாயசம். கடவுளாகப் பார்த்துக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். என் மனைவி வியர்ப்பதற்காகப் போட்டிருந்த தன் பிளாஸ்டிக் ஜாக்கெட்டைக் கழற்றி அந்தப் பெண்ணுக்கு மாட்டிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"புளியக் குடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா? அந்தப் புள்ள உள்ள போகலைன்னா தங்கம் உனக்குத்தான! நேஷனலுக்கு நேராப் போயிடலாமே!"

"ஏனுங்க, சத்தம் போடாதீங்க. அன்னைக்குக் காலி ரிங்குல கையத் தூக்குனாங்க இல்ல, அந்தக் கை என்னுதாட்டவே இல்லீங்க. இன்னொருக்கா என்னால அப்படி நிக்க முடியாது. குடுங்க."

கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது, அவள் கை அப்படி நீண்டிருந்தது. இருவரும் மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் துவண்டபோதெல்லாம் இவள் முதுகில் கை கொடுத்துத் தள்ளினாள், கன்னடத்தில் அதட்டினாள், "துப்பு, துப்பு" என்றாள். தனக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாத நேரம் அது. நான் குளுக்கோஸ் பாட்டிலோடு மரத்தடியில் நின்று இருவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். கதவை மூடப் போகிற சமயத்தில் அந்தப் பெண் உள்ளே ஓடினாள். எடை சரியாக இருந்தது.

சாயங்காலம் சண்டை. முதல் ரவுண்டு எங்களுடையது, சந்தேகமே இல்லை. இரண்டாவதில் சரிக்குச் சரி. மூன்றாவதில் அந்தப் பெண்ணின் நீண்ட இடது கை வந்துகொண்டே இருந்தது. நான் ஊட்டிய புளியின் தெம்பு அது என்று வயிறு எரிந்தேன். ஆனாலும் சொல்கிறேன், என் மனைவி அவ்வளவு அழகாகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பின்வாங்கும் ஒவ்வொரு அடியிலும் ஒரு குத்து வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். புள்ளி போடும் ஐவரில் மூன்று பேர் அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம். நடுவர் அந்தப் பெண்ணின் கையைத் தூக்கினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது இருவருக்கும். நான் கைதட்டவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் மேல்கோட்டைக்குப் போய்ப் புளியோதரை சாப்பிட்டாள். நான் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். என் பங்கையும் வாங்கிச் சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் வெள்ளிப் பதக்கத்துக்கு முன்னறைச் சுவரில் அவளே ஆணி அடித்தாள். அவள் செய்தது தப்பு என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி. அவளைப் போல இன்னொருத்தியை நான் பார்த்ததில்லை என்பதும் என் கட்சிதான்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். தேசியப் போட்டிக்குக் கிளம்புகிறாளாம். அவர்கள் ஊர்ப் புளியில் அன்றைக்குப் போல எச்சில் ஊறவில்லையாம். அக்கா கொடுத்த புளி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காத" என்றேன்.

அடுத்த நாள் காலை மண்டி மொஹல்லாவில், ஹாலுக்குக் கீழே இருக்கும் கடையில் நின்றேன். கடைக்காரர் எடுத்துக் காட்டிய புதுப்புளியைத் தள்ளிவிட்டுப் பழம்புளி கேட்டேன்.

"வீட்டம்மா போன போட்டில தோத்துட்டாங்கன்னு மேல சொன்னாங்களே, சார். இப்ப யாருக்கு?"

"அவள ஜெயிச்ச புள்ளைக்கு."

அவர் அள்ளுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க?" என்றேன். "கொட்ட இல்லாத நல்ல புளியாப் போடுங்க. அந்தப் புள்ள ஜெயிக்கணும்."