அடியில் வெள்ளை இல்லாத வண்ணத்துப்பூச்சி

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் குடியேறிய முதல் வருடம் அம்மா யாரோடும் அதிகம் பேசவில்லை. அக்காவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டாருக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது. எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட். எனக்கு ஒன்பது வயது.

அம்மாவைப் பேசவைக்க அப்பா ஒரு வழி வைத்திருந்தார். எதைப் பார்த்தாலும், "நம்ம தோட்டத்துல இருந்த மாதிரியேதான்" என்பார். அதே பனி, அதே அட்டை, அதே சங்குச் சத்தம். அம்மா 'ம்' கொட்டுவாள், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோலைக்காட்டுக்கு விறகு பொறுக்கப் போனவர், விறகில்லாமல் இரண்டு கைகளையும் பொத்திக்கொண்டு வந்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு புள்ள, நம்ம வண்ணத்துப்பூச்சி. இங்கயும் இருக்கு."

பழுப்பு நிறத்தில் சின்னப் பூச்சி. இறக்கையில் மஞ்சள் வளையம் போட்ட கண்கள். அடுப்படியிலிருந்து அம்மா எழுந்து வந்தாள்.

"ஆமா, அதேதான்" என்றாள். "இதப் புடிக்கப் போய்த்தானே பெரியவ தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்தா. பாவாடையெல்லாம் சேறு." சொல்லும்போது சிரித்தாள். அப்பாவும் சிரித்தார்.

பூச்சி இறக்கையை மூடியது. நான் குனிந்து பார்த்தேன்.

"இது அது இல்லப்பா. அதுக்கு அடியில வெள்ளையா இருக்கும். இது முழுக்கப் பழுப்பு."

"எல்லாம் ஒண்ணுதான்டி." அப்பா கண்ணைக் காட்டினார். எனக்கு ஏறவில்லை. விரலை நீட்டி இடத்தைக் காட்டினேன். "வேணும்னா அக்காவுக்கு எழுதிக் கேளுங்க."

அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "புள்ள சொல்றது சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். அப்பா கையை விரித்தார். பூச்சி தாழப் பறந்து புல்லுக்குள் போய்விட்டது.

சொன்னபடி நானே அக்காவுக்கு எழுதினேன். பழுப்பு, வளையம், வெள்ளை இல்லாதது எல்லாவற்றையும் விவரமாக எழுதி, தீர்ப்புக் கேட்டிருந்தேன். அந்த வெள்ளையை முதலில் எனக்குக் காட்டியதே அவள்தான். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ரெண்டும் ஒரே வண்ணத்துப்பூச்சிதான், அம்மாவிடம் அப்படியே சொல்லு என்று எழுதியிருந்தாள்.

எனக்குக் கோபமாக வந்தது. கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அக்காவுக்கு அதுக்குள்ள நம்ம ஊரெல்லாம் மறந்துபோச்சும்மா என்று சொன்னேன்.