பத்தாவது ஆளுக்குத் திறக்காத கதவு

தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் நான் கதவைத் திறக்கவில்லை. பிறகு, யாருமே தட்டவில்லை என்று பொய்யும் சொன்னேன்.

நான்கு வருடங்களாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். என் கணவருக்குத் தெரியாது. அட்லிஸ்வில் கோயில் முருகனுக்குத் தெரிந்திருக்கும்... ஆனால் அவரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதன்முதலாக உங்களிடம் சொல்கிறேன். பாவம், நல்ல மனுசி என்று நினைத்துக்கொண்டு மட்டும் வாசிக்கத் தொடங்காதீர்கள்!

நான் சுவிஸில், பாடனில் வசிக்கிறேன். ரயிலில் போய்வரும் தூரத்தில், ஒரு சின்னப் பட்டணத்தில் உள்ள யூதர்களின் தொழுகைக்கூடத்தைப் பராமரிப்பது என் வேலை. பட்டணத்தின் பெயர் வேண்டாம். கூட்டுவேன், துடைப்பேன், சமையலறையைப் பார்ப்பேன், கதவு திறப்பேன். யாழ்ப்பாணத்துச் சைவக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று எங்கள் சனம் கேட்கத்தான் செய்தது. பாலுக்கு வேறு பாத்திரம், இறைச்சிக்கு வேறு பாத்திரம் என்று பிரித்து வைக்கும் அந்தச் சமையலறை, அம்மாவின் ஆசாரத்தில் வளர்ந்த எனக்குப் புதிதாகவே தெரியவில்லை.

கதவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாதுகாப்புக்காகப் போட்ட கனத்த இரும்புக் கதவு அது. உள்ளேயிருந்துதான் திறக்கலாம். வெள்ளி பொழுது பட்டதிலிருந்து சனி இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள், மின்சாரத்தைத் தொடமாட்டார்கள். அழைப்புமணியை அழுத்தமாட்டார்கள், தொலைபேசியும் எடுக்கமாட்டார்கள். வருகிறவர் கையால் மூன்று முறை தட்டுவார். தொழுகை மண்டபம் பின்பக்கம். தட்டுவது கதவோடு ஒட்டிய சமையலறையில் நிற்கும் எனக்கு மட்டுமே கேட்கும். எனக்கு மட்டும்!

ஹெர் வைல், அதாவது திரு வைல், என்று ஒரு முதியவர் இருந்தார். ஓய்வுபெற்ற பல் வைத்தியர், எண்பத்து நான்கு வயது. யோகேஸ்வரி என்ற என் பெயரை ஃப்ராவ் யோகா, திருமதி யோகா, என்று சுருக்கியவர் அவர்தான். வியாழன்தோறும் பின்னேரம் அவரும் டானியேல் என்ற ரயில்வேப் பொறியியலாளரும் என் சமையலறை மேசையில்தான் தங்கள் வேதமான தோராவைப் படிப்பார்கள். டானியேலுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. வாரத்துக்கு ஒன்றாக, ஒவ்வொரு கிழமைக்கும் தோராவில் ஒரு பகுதி உண்டு. ஒரு வருடத்தில் முடியும், முடிந்த அன்றே மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அது என்ன படிப்பென்று நினைக்கிறீர்கள்? ஒரு வரிக்கு ஒரு மணித்தியாலம்! மேசையில் அடிப்பார்கள், எழும்பி நிற்பார்கள், ஒருவர் புத்தகத்தை மற்றவர் பறிப்பார். முதல் மாதம் நான் பயந்தே போனேன். ஹெர் வைல் சிரித்தார். அவர்கள் பேசியது ஜெர்மன்தான். என் காதில் விழுந்தபடி தமிழில் சொல்கிறேன்.

"பயப்பிடாதேங்கோ ஃப்ராவ் யோகா. நாங்கள் சண்டை பிடிக்கேல்லை, படிக்கிறம்."

அவருக்கு மிரியம் என்று ஒரே மகள் இருந்தாள். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் இறந்த நாள் வருடாவருடம் பெப்ரவரியை ஒட்டி வரும். எங்கள் திதி போல அவர்களுக்கும் சந்திரக் கணக்கு. அந்த நாளில் தகப்பன் கடிஷ் என்ற வேண்டுதலைச் சொல்ல வேண்டும். அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்து ஆண்கள் கூடினால்தான் சொல்லலாம். ஒன்பது பேர் என்றால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அந்த வருடம் மிரியத்தின் நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் பனிச்சறுக்கு விடுமுறை, பாதிக் குடும்பங்கள் மலைக்குப் போய்விட்டன. வெள்ளி மாலை ஏழு பேர். சனி காலை எட்டுப் பேர். பின்னேரத் தொழுகைதான் கடைசி வாய்ப்பு. அதற்கு ஒன்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது ஆள் டானியேல். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் பின்னேரம் வந்துவிடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, அவர்கள் இருவரும் உண்மையாகவே சண்டை பிடித்திருந்தார்கள். பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் உதவ வேண்டும் என்ற இடம் அன்றைய படிப்பு. மனதில் வெறுப்பை வைத்துக்கொண்டு உதவி என்ன பயன் என்றார் டானியேல்.

"மனம் பிறகு ஆறுதலா வரட்டும். முதல்ல கழுதையைத் தூக்கு! பள்ளிக்கூடப் பொடியன் மாதிரி வாசிக்கிறாய்" என்றார் ஹெர் வைல்.

டானியேலின் முகம் சிவந்தது. புத்தகத்தை மூடினார், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்.

இனி என் கதை. எங்கள் அண்ணா இறுதிப் போரில் காணாமல் போனவர். குகநேசன். இருக்கிறாரா, இல்லையா... யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் ஒருவர் சொன்னார். அந்தச் சனிக்கிழமை மத்தியானம்தான் துணிந்து அம்மாவிடம் போனில் அதைக் கேட்டேன்.

"என்ரை பிள்ளையை நீ சாகடிக்கப் பாக்கிறியோ? திவசம் கிவசம் எண்டு கதைச்சியெண்டால் என்ரை முகத்தில முழிக்காதை!"

போனை வைத்துவிட்டார். அந்த நெருப்போடுதான் பின்னேர வேலைக்குத் திரும்பி வந்தேன். வாசலில் ஹெர் வைல் என்னைப் பார்த்து, "இண்டைக்கு என்ரை மிரியத்தின்ரை நாள்" என்றார். முகத்தில் துக்கம் இருந்தது. கூடவே ஒரு நிறைவும் இருந்தது. அந்த நிறைவை என்னால் தாங்க முடியவில்லை!

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாலரை மணியளவில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. நான் எழும்பிப் போனேன். தாழ்ப்பாளில் கையை வைத்தேன். அதன் குளிர் இப்போதும் என் விரலில் இருக்கிறது.

அப்போது உள்ளே ஏதோ ஒன்று சொன்னது... உமக்கென்ன ஐயா, உமக்கு ஒரு நாள் இருக்கிறது. புதைத்த இடம் இருக்கிறது. என் அண்ணாவுக்கு என்ன இருக்கிறது? ஒரு வருடம் சொல்லாமல் இருந்துதான் பாருமே!

மறுபடி மூன்று தட்டு. டானியேல் என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டார். நான் கையை எடுத்துக்கொண்டேன். சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த கண்ணாடிக் குவளைகளைத் திரும்பவும் கழுவினேன். தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்கு விளங்கும்.

பொழுது படும் நேரத்தில் ஹெர் வைல் சமையலறை வாசலுக்கு வந்தார்.

"ஆரும் தட்டினவையோ ஃப்ராவ் யோகா?"

"இல்லை" என்றேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்கு என்னோட கோவம். சரி... உங்களையும் மினக்கெடுத்திப் போட்டம்" என்றார். என்னிடம்! நேரத்தை வீணாக்கியதற்கு என்னிடம் வருத்தம் தெரிவித்தார்!

அடுத்த வியாழன் டானியேல் வந்தார். உட்காரவேயில்லை.

"நான் தட்டினனான். கால் மணித்தியாலம் பனிக்குள்ள நிண்டனான்."

"ஃப்ராவ் யோகா பொய் சொல்லமாட்டா" என்றார் ஹெர் வைல்.

டானியேல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்தது. ஒரு சொல் போதும். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். அவர் போய்விட்டார்.

அதன் பிறகு ஹெர் வைல் வியாழக்கிழமைகளில் தனியாக வந்தார். புத்தகத்தை விரிப்பார். எதிர்க் கதிரையைப் பார்ப்பார். சத்தமில்லாமல் வாசிப்பார். அவர் மேசையில் அடிக்காத வியாழக்கிழமைகள் அவை. அப்படி ஒரு நாள், அண்ணாவைப் பற்றி நான் எப்போதோ சொன்னது நினைவு வந்து, அவருடைய பெயர் என்ன என்று கேட்டார்.

"கு-க-நே-சன்." பிழை வராமல் சொல்லிப் பழக நாலைந்து முறை சொன்னார். "எங்கட ஆக்களிலயும் கனபேருக்கு நாள் தெரியாது. அவையளுக்கெண்டு ஒரு பொது நாள் வைச்சிருக்கிறம். உங்கட அம்மாவை அவசரப்படுத்தாதேங்கோ."

இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் என் அண்ணாவின் பெயரைக் கேட்ட ஒரே வெள்ளைக்காரர் அவர். அப்போதாவது சொல்லியிருக்கலாமே! தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

மார்ச் முடிவில் அவர் வீட்டுப் படியில் விழுந்தார். ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். டானியேல் பார்க்கப் போகவில்லை. தன்னைப் பொய்யன் என்று நினைக்கிற மனிதரை எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது? அவர் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

ஹெர் வைலுக்கு மகன் இல்லை. டானியேல்தான் இப்போது அவருக்காகக் கடிஷ் சொல்கிறார். மிரியத்துக்கும் அவரே சொல்கிறார். தகப்பன் தன் வாயால் சொல்லியிருக்க வேண்டிய கடைசி வருடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. அதை யார் வந்து நிரப்புவார்? நானா?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. டானியேல் தனியாகப் படித்துக்கொண்டிருந்தார். அதே கழுதை வந்த பகுதி. திடீரென்று புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார்.

"அண்டைக்கு நீங்கள் நிலவறையிலயோ நிண்டனீங்கள்? சூடாக்கியின்ரை சத்தத்தில கேட்டிருக்காது, என்ன?"

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். கதவில்லாமல் நேருக்கு நேராக, நான்கு வருடத்துக்குப் பிறகு, அவர் மறுபடி தட்டினார்.

"ஓம்" என்றேன். "நிலவறையிலதான் நிண்டனான்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "அப்பிடித்தான் நினைச்சனான்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

நாளை சனிக்கிழமை. நாலரை மணிக்கு அவர் வந்து தட்டுவார். முதல் தட்டு விழும் முன்பே நான் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நிற்பேன், திறப்பேன். அவர் தொப்பியில் இருக்கும் பனியைத் தட்டிவிட்டு, எனக்கு நன்றி சொல்லிக்கொண்டு உள்ளே போவார்.