முடிசூட்டும் உரிமை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் கணவரின் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனபோது அவர் இன்னும் என் கணவராகவில்லை. நான் வெள்ளவத்தையில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். அவர்கள் தலைமுறைகளாகச் செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருந்த செட்டிநாட்டுக் குடும்பம். வெளியில் பெண் எடுக்கும் கல்யாணத்துக்கு வரவே மாட்டேன் என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தார். மகன் கெஞ்சியதால், என்னை ஒருமுறை பார்க்க மட்டும் சம்மதித்தார்.

உட்காரச் சொன்னவர், என் படிப்பையோ வேலையையோ கேட்கவில்லை. நேரே சோழநாட்டுக்குப் போய்விட்டார்.

"பூம்புகார்ல ராஜாவுக்கு முடிசூட்டுற உரிமை எங்க ஆளுங்களுக்குத்தான். வேற யார் கையும் கிரீடத்துல படக்கூடாது."

எனக்கு வாய் சும்மா இருக்காது. அன்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு ராஜா அவர்களுடைய பெண்களைச் சிறைபிடித்தானாம். மானம் பெரிதென்று ஆணும் பெண்ணுமாய் எல்லோரும் உயிரை விட, பையன்கள் மட்டும் மிஞ்சினார்களாம். பிறகு இளவரசனுக்கு முடிசூட்ட அவர்களைத்தான் தேடினார்களாம். ஆனால் கல்யாணமாகாதவன் கிரீடத்தைத் தொடக்கூடாதாம்.

"பிறகு?"

"பிறகென்ன, கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. முடிசூட்டினாங்க."

"பெண்கள் ஒருத்தரும் மிஞ்சேல்லை எண்டு சொன்னீங்களே, அங்கிள். அப்ப ஆரைக் கட்டினவை?"

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வெளியிலதான் எடுத்தாங்க" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். இந்த வாயால் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேனே என்று ஓட்டோவில் அழுதுகொண்டு வந்தேன்.

கல்யாணம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில், எங்கள் முறைப்படி நடந்தது. அவருடைய அப்பா வருவாரென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்களில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை உண்டு. அதை வைத்துவிட, கைதேர்ந்த ஓர் ஆளை அம்மா பிடித்திருந்தார். என்னை மணவறைக்குக் கூட்டிவந்தபோது, மாப்பிள்ளை ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்து காதை மூடிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆர் இதை வைச்சது?" என்று மெல்லக் கேட்டேன்.

"அப்பா. காலையிலேயே வந்துட்டாரு. அந்த ஆளைக் கிட்டவே விடல. இது எங்க வேலைன்னுட்டாரு."

நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசையில், பட்டு வேட்டியில், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. பின்னால் நின்ற பெரியம்மா தலைப்பாகையை நேராக்கக் கையை நீட்டினார்.

"விடுங்கோ பெரியம்மா" என்றேன். "மாமா வைச்சபடியே இருக்கட்டும்."